கம்பத்தடி வீடு

செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்தால் ஊருக்கு முன்னால் கம்பம்தான் கண்ணில் படும். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பம். அதை நாலு பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் தடித்த கம்பிகள். கேட்டில் தொங்கிய பலகையில் என்னவோ நீளமாக எழுதியிருந்தார்கள். ஊர்ச்சனங்களுக்கு அது வயர்லெஸ் கம்பம், அவ்வளவுதான். பட்டணத்தில் ஒருத்தர் பேசுவதும் பாடுவதும் இங்கே வந்து, கம்பத்தின் மேல் ஏறி, காற்றில் இறங்கி நாடெல்லாம் போகிறது என்று தானியேல் சொல்வான். அவனுக்கு அங்கே கலாசி வேலை.

அவன் அப்பன் அந்த நிலத்தில் பண்ணையாளாக இருந்து நாற்று நட்டவர். சர்க்கார் நிலத்தை எடுத்துக் கம்பத்தை நட்டபோது, உழைத்த குடும்பம் என்று மகனுக்கு வேலை கொடுத்தார்கள். கம்பத்தைச் சுற்றியுள்ள வெளியில் புல் வெட்ட வேண்டும். இழுவைக் கம்பிகளின் முறுக்காணிகளுக்குக் கிரீஸ் போட வேண்டும். மழைக்காலத்தில் கோரை ஆளுயரம் வளரும். அரிவாளை வீசுவதற்கு முன்னால் தடியால் தட்டிப் பாம்பை விரட்ட வேண்டும். கம்பத்தின் காலடிக்குப் போவதானால் பாட்டு நின்று கரண்ட் அணைந்த பிறகுதான்.

சாராள் கல்யாணமாகி வந்தது வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த அவனுடைய ஓலை வீட்டுக்கு. வந்த வாரமே அவளை வேலியோரமாக அழைத்துப் போய், ஸ்டோரில் கழித்துப் போட்ட டியூப் லைட் ஒன்றைக் கையில் கொடுத்தான். ஒயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. அது அவள் கையில் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

“இது இன்னாயா மாயம்!” என்று சிரித்தாள்.

“காத்துலயே கரண்ட்டு கீதுடி. கண்ணுக்குத் தெரியாது,” என்றான் தானியேல், தானே அதைச் செய்துவைத்த மாதிரி.

அப்போது அது சிரிக்கிற விஷயமாக இருந்தது. முதல் பிள்ளை அஞ்சாம் மாசத்தில் கலைந்தது. மறு வருஷம் உண்டானதும் அதே அஞ்சாம் மாசத்தில் போயிற்று. அதற்கப்புறம் சாராளுக்கு அந்த டியூப் லைட் ஞாபகம் வரும்போதெல்லாம் உள்ளங்கை சில்லிட்டது.

பக்கத்து வீட்டுக் குணசுந்தரி வெளிப்படையாகவே சொன்னாள். “கம்பம்தான்டி உன் புள்ளைய துண்ணுது. என் கோழி அடை குந்தனா பாதி கூமுட்டையா பூடுது. கம்பம் வரதுக்கு மின்ன இப்டியா இருந்திச்சி?”

மூன்றாவது முறை நாள் தள்ளிப்போனதைச் சாராள் தானியேலைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஒரு காலையில் புடவையை உலர்த்த வேலியோரத்துத் துணிக்கம்பியைத் தொட்டபோது விரல் நுனியில் முள் குத்தினாற்போல் சுரீர் என்றது. கம்பி நீளமாக இருந்தால் அப்படி நடக்கும், முன்பும் நடந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அவள் புடவையை மண்ணில் போட்டுவிட்டு, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

விஷயம் எப்படியோ பொன்னேரிப் பக்கத்து ஆரணியில் இருந்த அக்காள் விக்டோரியா காதுக்குப் போயிற்று. சாராளைவிட ரொம்ப மூத்தவள். தாயில்லாத சாராளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஒரு மூட்டை வேர்க்கடலையும் பழவேற்காட்டுக் கருவாடும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். முகம் கழுவக்கூட இல்லை.

“தம்பி, நான் சுத்தி வளைச்சிப் பேச மாட்டேன். இவள இட்டுக்கினு போறேன். புள்ளையோட திருப்பி அனுப்பறேன்.”

“எதுக்கு அண்ணி? கம்பத்தால ஒண்ணியும் இல்லன்னு எஞ்சினியர் சார் சொன்னாரு.”

“அவரு சொன்னத சொன்னா மாதிரியே சொல்லு.”

தானியேலுக்குப் பொய் வராது. துணிக்கம்பி குத்திய மறுநாளே அவன் எஞ்சினியர் ராமஸ்வாமியிடம் கேட்டிருந்தான். “கம்பத்தத் தொட்டா சுட்டுரும், கிட்டயே போவக் கூடாது. உன் ஊடு இருக்கிற தூரத்துக்கு உடம்புக்கு ஒண்ணும் ஆவாது, தெரிஞ்ச வரைக்கும்னாரு.”

“தெரிஞ்ச வரைக்கும்னா?”

“தெரிஞ்ச வரைக்கும்னா... தெரிஞ்ச வரைக்கும்தான்.”

“தெரியாதது எவ்ளோ கீதுன்னு கேட்டியா?”

தானியேல் தலையைச் சொறிந்தான்.

“அவரு ஊடு எங்க கீது?”

“திருவள்ளூர்ல. கோயிலாண்ட.”

“பாத்தியா. காலைல ரயில்ல வராரு, சாயங்காலம் ரயில்ல பூடறாரு. அவரு பொண்டாட்டியா கம்பத்துக்கடியில படுத்துக்கினு கீறா?”

“அவருக்கு மூணு புள்ளைங்க அண்ணி. அவரு மெஷினுக்குப் பக்கத்துலயே குந்திக்கினு வேலை செய்யறவரு. என்ன விட கிட்ட.”

“பெத்தது அவரா, அவரு பொண்டாட்டியா?”

சாராளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானியேலும் சிரித்தான். விக்டோரியா சிரிக்கவில்லை. “ரெண்டு போச்சி,” என்றாள். அதோடு சிரிப்பு நின்றது.

தானியேல் மனைவியைப் பார்த்தான். “நீ சொல்லு சாரா. நான் வேலைய உட்டுடட்டா? கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போவுதுன்றாங்க.”

“அது வரசொல்ல பாத்துக்கலாம். அதுவரைக்கும் சோத்துக்கு இன்னா பண்ணுவ?” என்றாள் சாராள். இங்கேயே இருக்கிறேன் என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. “போறேன்யா,” என்று வாயில் வந்தது.

அவளுடைய துணிகளைத் தானியேலே மடித்துக் கட்டினான். ஸ்டேஷன் வரை மூட்டையைத் தலையில் தூக்கி வந்தான். ரயில் புகையோடு கிளம்பிய பிறகும் சாராள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் மறைந்தான், ஸ்டேஷன் மறைந்தது, கம்பம் மட்டும் ரொம்ப நேரம் தெரிந்தது.

ஆரணியில் விக்டோரியாவின் வீடு ரைஸ் மில்லுக்குப் பின்பக்கம். அவள் புருஷன் தாவீது அங்கே மூட்டை தூக்கினான். விக்டோரியா மில் களத்தில் அவித்த நெல்லைக் கொட்டிக் காலால் கிளறிக் காயவைப்பாள். விடிந்தது முதல் அவித்த நெல்லின் வாசனைதான். குடிக்கிற தண்ணீரில்கூட அந்த வாசனை. பாதம் வெந்து வெடித்து, அக்காள் சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் சாராள் வேப்பெண்ணெய் தடவி விடுவாள். வேறு வேலை எதுவும் அவளைச் செய்ய விடவில்லை. உட்கார்ந்த இடத்தில் வேர்க்கடலை உடைப்பாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் அவள் தட்டில்தான் முதலில் விழும். தாவீது அத்தானும் பிள்ளைகளும் அப்புறம்.

எந்தக் குறையும் இல்லை. ஆனால் சாயங்காலமானால் சாராளுக்குச் செவ்வாப்பேட்டை வாசல்தான் கண்ணில் நின்றது. இந்நேரம் தானியேல் அரிவாளை ஓலையில் செருகிவிட்டு, வாசலில் நின்று “சாரா, தண்ணி,” என்பான். இப்போது யாரைக் கேட்பான்? குடத்தில் தண்ணீர் இருக்குமா? பழைய சோற்றைத் தின்றே கிடக்கிறானோ?

தெருக்குழாய்க்கு எதிரே தையல்காரர் சுப்பராயன் கடை. ஒருநாள் சாராள் குடத்தோடு நின்றபோது அவர் கடை ரேடியோவில் பட்டணத்து ஸ்டேஷனின் பேரைச் சொன்னார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அண்ணே, இது எங்க கம்பத்துலேர்ந்து வருது,” என்றாள்.

“இன்னா கம்பம்மா?”

“செவ்வாப்பேட்டை கம்பம். எங்க ஊட்டுக்காரரு அங்கதான் கீறாரு.”

சுப்பராயன் மெஷினை நிறுத்திவிட்டு ரேடியோவையும் அவளையும் பார்த்தார். “அப்படிப் போடு. அப்ப உங்க ஊட்டுக்காரரு தயவுலதான் நான் பாட்டு கேக்கறேன்,” என்றார்.

அன்றிலிருந்து குழாயடி அவளுக்குக் கோவிலானது. காலைப் பாட்டு முடிந்து ரேடியோ வெறும் இரைச்சலானால், கரண்டை அணைத்துவிட்டார்கள், இப்போது அவன் கம்பத்தடியில் புல் வெட்டப் போகிறான் என்று அர்த்தம். மத்தியானம் மறுபடி குரல் வந்தால், அவன் வெளியே வந்துவிட்டான், பத்திரம், புளியமரத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறக்கிறான். யாரோ ஒருத்தர் விவசாயிகளுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். சாராள் அதில் தன் புருஷன் சாப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

விக்டோரியா அதைக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை.

“எதுக்குப் பயந்து ஓடியாந்தமோ அதையே இங்க வந்து காதுல வாங்கிக்கினு நிக்கிற! உனக்கு புத்தி கீதாடி?”

“பாட்டுதானக்கா.”

“அந்தப் பாட்டுதான உங்க ஊட்டு கம்பியில குத்திச்சி?”

சுப்பராயன் சமாதானம் செய்ய வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். “ரேடியோவ மூடனாலும் அலை வந்துக்கினுதாம்மா இருக்கும். தொறந்தா காதுல உழுது, மூடனா உழல, அவ்ளோதான். உம் மேல, எம் மேல, தோ அந்த ஆட்டு மேலகூட அது போய்க்கினுதான் கீது. நெல்லூர் வரைக்கும் போவுது.”

விக்டோரியா ஆட்டைப் பார்த்தாள். அது போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. “அப்ப எங்கதான் போறது?” என்றாள். அவள் குரலில் இருந்த கோபம் கரைந்து பயம் தெரிந்தது. தங்கையின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், கடைப்பக்கம் பார்த்த ஜன்னலைச் சாத்தி, அதன்மேல் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டாள். பிரயோஜனம் இல்லை என்று அவளுக்கே தெரியும். 

தானியேல் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு வந்தான். ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். வந்தால் தாவீதோடு திண்ணையில் உட்கார்ந்து மில்லைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவான். ஒரே அறை வீடு. அத்தனை பேருக்கு நடுவில் சாராளின் முகத்தைக்கூட அவனால் நேராகப் பார்க்க முடியாது.

வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வயிற்றுக்குள் மீன் குஞ்சு புரண்டாற்போல் இருந்தது. சாராள் அசையாமல் உட்கார்ந்தாள். மறுபடியும் புரண்டது. முந்தைய இரண்டும் இந்த அளவுக்குக்கூட வரவில்லை. மடியிலிருந்த கடலைத் தோலெல்லாம் சரிய எழுந்து நின்று, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். அந்த ஞாயிறு அவன் வருகிற ஞாயிறு இல்லை.

அடுத்த ஞாயிறு வந்தான். ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று இருவரும் கிளம்பினார்கள். ஆரணியாற்றில் புதுத்தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கரையெல்லாம் துணி துவைக்கிறவர்கள்.

“இப்ப அசையுதா?” என்று கேட்டான், தண்ணீரைப் பார்த்தபடி.

“இல்ல. தூங்குது போல.”

அவன் கை ஒரு தடவை அவள் பக்கம் வந்தது. துணி துவைத்த ஒருத்தி நிமிர்ந்து பார்க்கவும் தலையைக் கோதிக்கொண்டான்.

“அடுத்த வாட்டி வரசொல்ல பாக்கலாம்,” என்றான். “அது எங்கியும் போவாது.”

ஐப்பசி மழை அந்த வாரம் பிடித்துக்கொண்டது. தெற்கே வானம் முழுக்க மின்னல். சாராள் குழாயடிக்குப் போகாமல் வாசலில் நின்றே கடை ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டின் நடுவில் சட்டென்று குரல் அறுந்தது. அதற்கப்புறம் இரைச்சல்தான். கம்பத்தில் இடி விழுந்துவிட்டதோ, அவன் வெளியில் நின்றிருப்பானோ? சுப்பராயன் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார். “வந்துரும்மா,” என்றார். வரவில்லை. மறுநாள் காலையில் பாட்டு வந்தபோது சாராள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பாட்டு வந்தால் கம்பம் நிற்கிறது என்று அர்த்தம். அவன் நிற்கிறானா என்று அது சொல்லாது.

ஆறு உடைத்துக்கொண்டு பஸ் நின்றுபோயிற்று. அவன் வர வேண்டிய ஞாயிறும் வந்தது, அவன் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் சாராள் அடுப்படியில் குனிந்தபோது கால் வழியாகத் தண்ணீர் இறங்கியது. வலிகூடப் பெரிதாக இல்லை. களத்திலிருந்து அவித்த நெல் ஒட்டிய கால்களோடு விக்டோரியா ஓடிவந்தாள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை. தாவீது அதைத் தன் வேட்டியில் சுற்றி எடுத்துப்போனான்.

புதன்கிழமை தானியேல் இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்து வந்தான். வாசலில் விக்டோரியா அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.  பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மில் பக்கம் போய்விட்டாள்.

ஈரத்துணியோடு அவன் சாராளின் பாயருகே உட்கார்ந்தான். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அசைஞ்சிச்சிய்யா,” என்றாள் திரும்பாமலே. “நல்லா அசைஞ்சிச்சி. நீதான் இல்ல.”

 அவளுடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உடம்பு தேறியதும் விக்டோரியாவே இருவரையும் பட்டணத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். தலை நரைத்த டாக்டரம்மா ஒருத்தர் நிதானமாகக் கேட்டார்.

“மூணும் அஞ்சாம் மாசத்துலயா?”

“ஆமாம்மா.”

“அதிகமா வலி இல்லாம, திடீர்னு தண்ணி உடைஞ்சு?”

“ஆமாம்மா.”

சோதித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். “கர்ப்பப்பை வாய்க்குப் பலம் இல்ல. பிள்ளை கனம் ஏறினதும் தானா திறந்துக்குது. அடுத்த தடவை மூணாம் மாசமே வா, தையல் போட்டுக் கட்டிடலாம். படுக்கையில இருக்கணும். கனம் தூக்கக் கூடாது.”

விக்டோரியாவுக்குப் பொறுக்கவில்லை. கம்பம், டியூப் லைட், துணிக்கம்பி, கோழிமுட்டை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். “அதனால இல்லியாம்மா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. முழுவதும் கேட்டார். “அந்தக் கம்பத்தைப் பத்தி எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். இதைப் பத்தித் தெரியும். இது ஆரணியிலயும்தானே திறந்துகிச்சு?”

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் விக்டோரியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “நான் உன்ன பிரிச்சி இட்டாந்திருக்கக் கூடாதுடி. அவனோடயாவது இருந்திருப்ப.”

“நீ இன்னாக்கா பண்ணுவ? நானும் பயந்துக்கினுதான வந்தேன்,” என்றாள் சாராள். அன்றைக்கே செவ்வாப்பேட்டை ரயில் ஏறினாள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஒன்றும் இல்லை. வேலிக்குள் பாட்டும் நியூஸும் போய்க்கொண்டிருந்தன. ஸ்டேஷனுக்குப் போகிற பாதையில் தொட்டில் கட்டிய மரங்களைக் கண்டால் சாராள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு ஒரு ஆடி மாசத்தில் நாள் தள்ளிற்று. மூணாம் மாசம் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். படுத்தே இருக்க வேண்டும். தண்ணீர் யார் தூக்குவது, சோறு யார் ஆக்குவது?

“ஆரணிக்குப் போறியா?” என்று தானியேல் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“போவ மாட்டேன்யா. என்ன ஆனாலும் இங்கதான்.”

அவன் ஆரணிக்குச் சொல்லி அனுப்பிய நாலாம் நாள் விக்டோரியா வந்து நின்றாள். புருஷனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, மில் வேலையை விட்டுவிட்டு, துணிமூட்டையோடு வந்திருந்தாள்.

“இன்னாக்கா, நீ இங்க...” என்றாள் சாராள். “கம்பம் கீதே.”

“கீது. நானும் பாத்துக்கினுதான் வந்தேன்,” என்றாள் விக்டோரியா. “நீ படு.”

அவளுக்குப் பயம் போகவில்லை. கம்பத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டாள். துணியைப் புதர்மேல்தான் உலர்த்துவாள். தண்ணீருக்குப் போகும்போது கம்பத்தை நிமிர்ந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வாள். ஆனாலும் ஆரணிக்குத் திரும்பவில்லை. ஐப்பசி போயிற்று. அஞ்சாம் மாசம் வந்தபோது மூன்று பேரும் பேச்சையே குறைத்துக்கொண்டார்கள். அந்த மாசமும் போயிற்று.

பங்குனியில், அதே ஆஸ்பத்திரியில், பெண் பிறந்தது. நல்ல கறுப்பு, நல்ல சத்தம். கம்பத்தால் என்ன ஆகும், ஆகாது என்று யாரும் அதற்குப் பிறகும் நிச்சயமாகச் சொல்லவில்லை. தானியேல் அங்கேயே வேலை பார்த்தான். ஆனால் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் சாராள் பங்குனியைச் சொல்ல மாட்டாள். மார்கழியில் ஒரு சாயங்காலத்தைத்தான் சொல்வாள்.

அன்றைக்குத் தானியேல் வேலை முடிந்து வாசலில் வந்து நின்றான். முழங்கை வரை கிரீஸ்.

“யோவ், வா வா,” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “அசையுது.”

“இரு, கை கழுவிக்கினு வரேன்.”

“கழுவசொல்ல நின்னுடும். அப்படியே வா.”

வந்து பாயருகே மண்டியிட்டான். கறுத்த உள்ளங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தவனின் கையைச் சாராள் பிடித்து வயிற்றில் வைத்தாள். வைத்ததும் அது அடங்கிவிட்டது.

“நின்னுடுச்சி,” என்றாள், அழுகிற குரலில்.

“இருக்கட்டும். எனக்கு இன்னா வேலை கீது?”

அவன் கையை எடுக்கவில்லை. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. களி ஆறுகிறது என்று சொல்ல வந்த விக்டோரியா கதவருகே நின்று பார்த்தாள். திரும்பிப் போய்ச் சட்டியை மூடிவைத்தாள். தானியேலின் முழங்கால் மரத்துப்போயிருக்கும். அவன் மாற்றி உட்காரவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு உதை. அவன் கை லேசாகத் தூக்கிப்போட்டது.

சாராள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. வயிற்றின் பக்கம் குனிந்து, மெள்ள, கெஞ்சுகிற மாதிரி சொன்னான்:

“இன்னொரு வாட்டி.”